ரேடியேட்டர் மூடியில் ஒரு வெள்ளைக் கோடு

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. ஆனாலும் மெக்கானிக் வெயில் ஏறுமுன்பே வந்து ஷட்டரைத் தூக்கினான். ஒரு வாரமாக அவன் உயிரை வாங்கிக்கொண்டிருந்த பழைய பிக்கப் வண்டி, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உள்ளே நின்றிருந்தது.

பானெட்டைத் திறந்து ரேடியேட்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். நேற்று மாலை விளிம்புவரை நிரப்பிய பச்சைக் கூலன்ட் மறுபடியும் ஒரு சாண் இறங்கியிருந்தது.

"எங்கதான்டா போகுது, சனியனே!"

ஸ்பானரை விட்டெறிந்தான். அது சுவரில் பட்டுத் திரும்பி அவன் காலடிக்கே வந்து சேர்ந்தது.

அவன் பார்க்காத இடமில்லை. ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. வாட்டர் பம்ப் புதிது. தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுப் பார்த்தான், சமர்த்தாகத் திறந்தது. காற்றழுத்தம் கொடுத்து அரை மணி நேரம் முறைத்துக்கொண்டு நின்றான், முள் அசையவில்லை. புகையில் வெண்மை இல்லை, ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை, அடியில் விரித்த அட்டையில் ஒரு சொட்டுக் கறை இல்லை. இருபது வருஷத் தொழிலுக்கு ஒரு ஓட்டை வண்டி பழிப்புக் காட்டியது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் காலை அவன் தங்கை இந்த வண்டியை எடுக்க வேண்டும். கல்குவாரிக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வேலை. நாற்பது கிலோமீட்டர் பொட்டல். பாதி வழியில் போன் சிக்னலும் விட்டுவிட்டுத்தான் வரும். மூன்று மாதம் முன்பு அவள் கணவன் இறந்துகிடந்ததும் அதே சாலையில்தான். இதே வண்டி கொதித்திருக்கிறது. குடிக்க வைத்திருந்த ஒரே கேன் தண்ணீரையும் ரேடியேட்டரில் ஊற்றியிருக்கிறான். அப்படியும் வண்டி கிளம்பவில்லை. முன் சக்கரத்தை அணைத்தபடி கிடந்தவனை மறுநாள்தான் ஆட்கள் கண்டார்கள்.

ஊற்றச் சொன்னது யார் என்பது மெக்கானிக் ஒருவனுக்குத்தான் தெரியும். மாப்பிள்ளையின் போன் வெயிலில் கெட்டுப்போனது அவனுக்கு வசதியாகிவிட்டது.

பதினொரு மணிக்குத் தங்கை டிபன் பாக்ஸோடு வந்தாள்.

"அண்ணா, நாளைக்கு வண்டி வருமா வராதா? நீ வரலைன்னா வேற ஆளைப் போட்டுக்குவேன்னு காண்டிராக்டர் சொல்லிட்டாரு."

"வரும்மா. மூடியிலதான் ஏதோ கோளாறு. புதுசு போடறேன்."

அவள் ஜன்னல் வழியாகக் கைவிட்டு ஸ்டியரிங்கைத் தடவினாள்.

"அண்ணா, அன்னிக்கு அவரு உனக்கு போன் பண்ணாரா?"

இதோடு நான்காவது முறை கேட்கிறாள்.

"எத்தனை தடவம்மா சொல்றது? பண்ணியிருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனா?"

அவள் டிபன் பாக்ஸை அவன் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

மெக்கானிக் கூலன்ட்டை நிரப்பிப் புது மூடியை இறுக்கினான். மூடியிலிருந்து ரேடியேட்டரின் கழுத்துவரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தான். இறுக்கியது பிறகு அசைந்ததா என்று தெரிந்துகொள்ள அவன் எப்போதும் செய்வதுதான். அசைந்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். புழுதிக்காற்றுக்குப் பயந்து ஷட்டரை இறக்கிவிட்டு, மூலையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தான்.

தகரக் கூரை வெயிலில் படபடத்தது.

பிறகு அதுவும் அடங்கியது.

கிர்ரிக்.

மூடி திருகும் சத்தம்.

மடக். மடக். மடக்.

வாயருகே போன கை அப்படியே நின்றது. யாரோ அவசரமாக, மூச்சு விடாமல் குடிக்கிறார்கள். பிறகு ஓர் இருமல். வண்டிக்குள்ளே எதுவோ சளக்கென்று விழுந்தது. கூலன்ட்டின் தித்திப்பு வாடை பட்டறை முழுக்கப் பரவியது.

ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தான். கால்மிதியில் பச்சையாகத் தேங்கியிருந்தது. ஹீட்டர் ஒழுகுகிறது என்று மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தான். ஆனால் ஹீட்டருக்குப் போகும் ஹோஸை முந்தாநாளே அவன் தன் கையால் துண்டித்து அடைத்திருந்தான்.

முன்னால் வந்து குனிந்தான்.

கோடு இரண்டாக முறிந்திருந்தது.

காயாத பெயின்ட்டில் ஒரு கட்டைவிரல் ரேகை. நடுவே குறுக்காக ஒரு வெட்டு.

போன வருஷம் இதே இன்ஜினின் பெல்ட்டில் மாப்பிள்ளையின் கட்டைவிரல் மாட்டியது. கட்டுப் போட்டுவிட்டது மெக்கானிக்தான்.

தட்டுத்தடுமாறித் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து பானெட் ஓரத்தில் வைத்தான்.

"மாப்ள... இது நல்ல தண்ணி. குடிங்க." "நான் அப்போ சாப்பிட்டுட்டு இருந்தேன். எந்திரிச்சு வரச் சோம்பல். இருக்கிற தண்ணிய ஊத்திட்டு மெதுவா வந்துடுங்கன்னு வாய் கூசாம சொல்லிட்டேன். தப்பு என்னோடது. அவளை மட்டும் ஒண்ணும் பண்ணிடாதீங்க."

தொட ஆளில்லாமலே பாட்டிலில் தண்ணீர் இறங்கியது. பாதி. கால். காலி.

வறண்ட தொண்டையிலிருந்து ஒரு கிசுகிசுப்பு வந்தது.

"அவகிட்ட சொன்னீங்களா, மச்சான்?"

"சொல்லிடறேன். சத்தியமா சொல்லிடறேன்."

அன்று மாலை ஒரு மணி நேரம் வண்டியை ஓடவிட்டான். சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்றது. கூலன்ட் ஒரு சொட்டுக் குறையவில்லை.

விடிந்ததும் தங்கை சாவியை வாங்கிக்கொண்டாள். இரண்டு கேன் தண்ணீரை அவளருகே ஏற்றினான்.

"இது குடிக்க மட்டும்தாம்மா. வண்டி நின்னாலும் அதுல ஊத்திடாதே."

"சரிண்ணா. வேற ஏதாவது சொல்லணுமா? முகமே சரியில்லையே."

வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் குனிந்து கேன் மூடிகளை இறுக்கினான்.

"அப்புறம் பேசிக்கலாம், நீ கிளம்பு."

அவள் நல்லபடியாகப் போய்ச் சேரும்வரை அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நண்பகலில்தான் போன் வந்தது.

"அண்ணா, குவாரிக்கு வந்துட்டேன். வண்டி சூடே ஏறல!"

அப்பாடா என்றிருந்தது. கண்கூடக் கலங்கிவிட்டது.

"காலையில என்னமோ சொல்ல வந்தியே?"

கூரை படபடப்பதை நிறுத்தியிருந்தது.

"ஒண்ணுமில்லம்மா. பத்திரமா வா."

போனை வைத்தான். தொண்டை காய்ந்தது. சற்று முன் பட்டறைக் கேனிலிருந்து நிரப்பி வைத்த டம்ளருக்குக் கை நீட்டினான்.

டம்ளர் காலி.

அதன் விளிம்பில், ஈரம் காயாத வெள்ளைப் பெயின்ட்டில், நடுவே வெட்டுப்பட்ட ஒரு கட்டைவிரல் ரேகை.

அவன் முதுகுக்குப் பின்னால் தண்ணீர்க் கேனின் மூடி திருகும் சத்தம் கேட்டது.