அத்தைக்கு என்ன பிடிக்கும்

காலையில் எழுந்ததும் சுவர் கேட்கும்: "துண்டு ஆச்சா?"

நான் கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டிப் பார்ப்பேன். நாவடக்கி சரியாகப் படிந்திருந்தால் நாக்கு லேசாக மின்னும். பிறகு தட்டில் இருக்கும் கருந்துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன். தொண்ணூற்றொன்பது சதவீதக் கொக்கோ, சர்க்கரை கிடையாது. மெழுகை மென்றால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். அதைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் ஒன்றுமில்லை. "ஆச்சு" என்றால் சுவரில் பச்சை விளக்கு எரியும். என் கணவன் சே-ஜுன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவன் துண்டை மெல்வான். அவன் பக்கத்துச் சுவரிலும் பச்சை எரியும். அதன் பிறகுதான் எங்களுக்குப் பொழுது விடிந்ததாகக் கணக்கு.

லிப்டில் ஏறினால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார், துண்டு ஆச்சா என்று. ஆலையில் மேலாளர் கேட்பார். இந்த நாட்டில் முன்பெல்லாம் ஒருவரையொருவர் பார்த்ததும் "சோறு சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்பார்களாம், நம் ஊரைப் போலவே. நான் திருமங்கலத்திலிருந்து சுவோன் நகரத்து மின்கல ஆலைக்கு வேலைக்கு வந்தபோதே அந்தக் கேள்வி வழக்கொழிந்து போயிருந்தது. என் பெயர் அங்கயற்கண்ணி. அதை முழுதாகச் சொல்ல இங்கே யாருக்கும் வாய் வராது. எல்லாருக்கும் நான் அங்கை.

கருந்துண்டு வந்த கதையை வாய் ஓயாமல் சொல்வார்கள் இங்கே. ஒரு காலத்தில் மாதம் ஒரு உணவுக்குப் பைத்தியம் பிடிக்குமாம் இந்த ஜனங்களுக்கு. ஒரு மாதம் கறுப்பு மொச்சை, அடுத்த மாதம் ஏதோ ஒரு காட்டுப்பழம், அதற்கடுத்து பச்சைச் சிப்பிப் பொடி. தொலைக்காட்சியில் ஒரு மருத்துவர் வந்து இது ரத்தத்துக்கு நல்லது என்று சொல்லி வாயை மூடுவதற்குள் பக்கத்து அலைவரிசையில் அதையே பெட்டி பெட்டியாக விற்றுக்கொண்டிருப்பார்களாம். எல்லாம் வந்து வந்து போயின. கறுப்புச் சாக்லேட் மட்டும் போகவில்லை. இதயத்துக்கு நல்லது என்றார்கள், மூளைக்கு நல்லது என்றார்கள், கடைசியில் தேவையான சத்தையெல்லாம் அதிலேயே அடைத்து வேளைக்கு ஒரு துண்டு என்று நலவாரியம் விதித்து, அதைக் கணக்கெடுக்க வீட்டுக்கு வீடு இந்தப் பேசும் சுவரைப் பதித்து, தவறினால் புள்ளியும் குறைக்கத் தொடங்கிவிட்டது. கசப்புத் தாங்காமல் பிள்ளைகள் துப்பின. அதற்காக வந்ததுதான் நாவடக்கி. நாக்கின் மேல் ஒட்டும் மெல்லிய படலம். கசப்பை மறைக்கத்தான் வந்தது, ஆனால் கசப்பை மட்டும் தனியாக மறைக்க அதற்குத் தெரியவில்லை.

என்னைப் போல வளர்ந்த பிறகு ஒட்டிக்கொண்டவர்கள் அதைக் கழற்றினால் ஒரு மணி நேரத்தில் ருசி திரும்பும். சே-ஜுனைப் போலக் குழந்தையிலேயே ஒட்டிக்கொண்டவர்களுக்குத் திரும்பாது. அதை யாரும் பெரிய குறையாக நினைக்கவில்லை. நூறு வயது வரை நடக்கிறார்களே, பிறகு என்ன.

அத்தை இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. சே-ஜுனின் அம்மா. இங்கத்து முறைப்படி மாமியாரை அழைக்க வேறு சொல் உண்டு, எனக்கு அது நாக்கில் தங்கவில்லை, அத்தை என்றே கூப்பிட்டேன். அவருக்கும் அது பழகிவிட்டது. ஐந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். சமையல் முழுக்க அவர்தான். துண்டைப் போட்ட பிறகு உண்ணும் சோறு, சாறு, கீரை எல்லாம். நாங்கள் வயிற்றை நிரப்பிக்கொண்டு எழுந்து போவோம். அத்தை தன் துண்டை மட்டும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார். பழைய காலத்து மனுஷி, கூச்சம் என்று நினைத்துக்கொள்வேன்.

அம்மா போனபோது சே-ஜுன் அழவில்லை. மூன்று நாளும் வந்தவர்களுக்கெல்லாம் குனிந்து வணக்கம் சொன்னான். பிறகு வேலைக்குப் போனான். அம்மாவைப் பற்றிப் பேச்சு வந்தால் வானிலை அறிக்கை வாசிப்பது போல இரண்டு வாக்கியம் சொல்வான். எனக்கு அது பயமாக இருந்தது. அப்புறம் பயமும் பழகிவிட்டது.

வருஷச் சடங்குக்கு இங்கே மேசை போடுவார்கள். சோறு, சாறு, பழம், மது வைத்து, ஊதுவத்தி ஏற்றி, விழுந்து வணங்கி, பிறகு அந்தப் படையலை எல்லாரும் பகிர்ந்து உண்ண வேண்டும். எல்லாம் முறைப்படி இருக்கட்டும், ஆனால் அம்மாவுக்குப் பிடித்தது ஏதாவது ஒன்று அந்த மேசையில் இருந்தாக வேண்டும் என்றான் சே-ஜுன். எனக்கு இது தெரிந்த சங்கதி. என் சித்தப்பாவுக்குப் படையல் போடும்போது இலை ஓரத்தில் ஒரு கட்டுப் பீடி வைப்போம்.

"சரி, என்ன பிடிக்கும் அவங்களுக்கு?" என்று கேட்டேன்.

அவன் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"தெரியல அங்கை. பொறந்ததுலேருந்து அவங்க கையால சாப்பிட்டிருக்கேன். ஒண்ணுகூட ஞாபகம் வரல. அம்மாவுக்கு என்ன பிடிக்கும்னு தெரியாத பையன் அவங்களக் கூப்பிட்டா அவங்க எதுக்கு வரணும்?"

அவன் குரல் அப்போதும் ஏறவில்லை. கை மட்டும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு அந்த வாரம் முழுக்க அவன் சரியாகத் தூங்கவில்லை.

நான் அவன் அக்கா சே-யங்கைக் கேட்டேன். அண்ணி சற்றும் யோசிக்கவில்லை. "அம்மாவுக்கு மூட்டுவலி இருந்துச்சு, அதனால பச்சைச் சிப்பி வை" என்றார். நான் கேட்டது பிடித்ததை, அண்ணி, என்றேன். "அதான் சொல்றேனே, மூட்டுக்கு நல்லது." சே-ஜுனின் தாய்மாமனைக் கேட்டேன். அக்காவுக்குக் கல்லீரல் கொஞ்சம் பலவீனம், அதற்கு ஒரு கொட்டை உண்டு என்று அதன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார். யாரிடம் கேட்டாலும் அத்தையின் உடம்பில் எந்த உறுப்புக்கு எது நல்லது என்பது தெரிந்திருந்தது. சுவரைக் கேட்டால் அவர் தின்றதையெல்லாம் கிராம் பிசகாமல் சொன்னது. பிடித்தது என்ன என்று கேட்டேன். அப்படி ஒரு வகை தன்னிடம் இல்லை என்றது.

கடைசியில் அண்ணியே முடிவு கட்டினார். அம்மா வாழ்நாளெல்லாம் ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டது கருந்துண்டுதான், அதையே வெள்ளித்தட்டில் வைத்துவிடலாம் என்றார். சே-ஜுன் தலையாட்டினான். எனக்கு மனசு ஒப்பவில்லை.

அத்தைக்கு ஒரே ஒரு சிநேகிதி. பாக் அம்மா என்பார்கள். மூன்று தெரு தள்ளி ஒரு பொதுக் குளியலகம் நடத்துகிறார். வாரம் ஒரு நாள் அத்தை அங்கே போய் வெந்நீரில் கிடந்துவிட்டு வருவார். போய் நின்றேன். பாக் அம்மா கொதிகலன் அறையில் துவாலைகளை உலர்த்திக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சா?"

நான் குனிந்து இன்னொரு துவாலையை மடிக்க எடுத்தேன்.

"அவளுக்கு நாவடக்கி கிடையாது, தெரியுமா?" என்றார்.

நான் நம்பவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். ஒட்டிய முதல் வருஷமே அத்தையின் நாக்கு புண்ணாகி ரத்தம் வந்திருக்கிறது. கழற்றிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. சே-ஜுனின் அப்பா நாற்பது வயதில் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தவர். இதயத்துக்கு நல்லது என்று சொன்ன ஒரே காரணத்துக்காக அத்தை அந்தத் துண்டைத் தெய்வமாக நம்பினார். அம்மாவே கழற்றிவிட்டாள் என்று தெரிந்தால் பையனும் கழற்றுவான், கழற்றினால் துப்புவான், துப்பினால் அப்பாவைப் போலப் போய்விடுவான். இதுதான் அவர் கணக்கு.

"அப்போ அந்தத் துண்ட எப்படிச் சாப்பிட்டாங்க?"

"மூக்கப் பொத்திக்கிட்டு. மூணு வேளையும். கதவச் சாத்திக்கிட்டு."

அங்கே கிடந்த பலகையில் உட்கார்ந்தேன்.

பாக் அம்மா நிறுத்தவில்லை. சாற்றில் உப்பு ஒரு சிட்டிகை கூடினாலும் கொட்டிவிட்டு மறுபடி வைப்பாளாம் அத்தை. எதிரில் உட்கார்ந்து தின்கிற யாருக்கும் உப்பே தெரியாது என்று தெரிந்தும். ஏன்டி இப்படி மெனக்கெடுகிறாய் என்று இவர் கேட்டால், பழக்கம் என்று சிரிப்பாளாம்.

"பிடிச்சது எதுன்னு கேட்டியே. இதான்" என்று கொதிகலன் மேல் இருந்த பழைய இரும்புப் பானையைக் காட்டினார். "அடியில பிடிச்ச சோறு. நுருங்ஜி. கருகினதுன்னு உங்க சுவரு திட்டும்ல, அதனால இங்க வந்து காய வெச்சு, கைக்குட்டையில முடிஞ்சு எடுத்துட்டுப் போவா. கசப்பு போறதுக்கு ஒரு கடி. அவ்வளவுதான். நல்லா இருக்குடின்னு சொல்ல அவளுக்கு என்னை விட்டா ஆள் இல்ல. ருசியா இருந்தா யார்கிட்டயாவது சொல்லணும்ல."

காந்தல். எங்கள் வீட்டில் பானை அடியைச் சுரண்டிய காந்தலுக்கு நானும் என் தம்பியும் அடித்துக்கொள்வோம். அதையா இந்த மனுஷி ஒளித்து ஒளித்துத் தின்றார் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐந்து வருஷம் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அத்தை சாப்பாடு எப்படி இருக்கு என்று அவரைக் கேட்டிருக்கலாம்.

சடங்கன்று காலையில் உப்புக் கலந்த வெந்நீரில் கொப்பளித்து நாவடக்கியை உரித்தேன். துண்டைப் போடாததால் எனக்கு நாள் முழுக்கச் சிவப்பு விளக்கு. குளியலகம் போய் அந்தப் பானையிலேயே சோற்றை அடிபிடிக்க விட்டு, பொன்னிறமாகச் சுரண்டி எடுத்து வந்தேன். மாலையில் மேசை போட்டோம். எல்லாம் வரிசைப்படி வைத்து முடித்ததும் கருந்துண்டு இருந்த வெள்ளித்தட்டை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் காந்தலை வைத்தேன்.

"எரிந்த உணவு. உடலுக்கு ஆகாது" என்றது சுவர்.

அண்ணியின் முகம் சிவந்தது. அம்மா சடங்கில் என்ன விளையாட்டு இது என்றார்.

"செத்தவங்களுக்குமா அண்ணி புள்ளி குறைப்பாங்க?" என்றேன். பிறகு பாக் அம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். நாவடக்கி, ரத்தம், மூக்கைப் பொத்தியது, சாத்திய கதவு. அண்ணி பாதியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். சே-ஜுன் நின்றபடியே கேட்டான். பிறகு ஊதுவத்தியை ஏற்றினான். மதுவை ஊற்றினான். இரண்டு முறை விழுந்து வணங்கினான். கதவைச் சிறிது திறந்து வைத்தோம், அத்தை வருவதற்கு.

பகிர்ந்து உண்ணும் நேரத்தில் அவனும் கொப்பளித்துப் படலத்தை உரித்துவிட்டு வந்தான். திரும்பாது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காந்தலில் ஒரு துண்டை எடுத்துக் கடித்தான். மொறுக்கென்றது.

அவன் மெல்வதை நிறுத்தினான்.

"இந்தச் சத்தம் எனக்குத் தெரியும்" என்றான். "சின்னப் புள்ளைல தினமும் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேப்பேன். அம்மா துண்ட மெல்றாங்கன்னு நினைச்சேன். அவங்க துண்டு மட்டும் ஏன் மொறுமொறுங்குதுன்னு..."

மறுபடி கடித்தான். இன்னொரு முறை. நாக்கால் தேடித் தேடிப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் வரவில்லை. என் பக்கம் திரும்பினான்.

"எப்படி இருக்கு, அங்கை?"

நானும் கொஞ்சம் காந்தலை வாயில் போட்டுக்கொண்டேன். புகைந்த வாசனை, ஓரத்தில் மெல்லிய கசப்பு, மெல்ல மெல்லச் சோற்றின் இனிப்பு. அப்படியே சொன்னேன். "நல்லா இருக்கு, சே-ஜுன். ரொம்ப நல்லா இருக்கு."

"இத அவங்ககிட்ட ஒரு தடவ சொல்லியிருக்கணும்" என்றான். அழவில்லை. தட்டு காலியாகும் வரை ஒவ்வொன்றாகக் கடித்துக்கொண்டே இருந்தான், சத்தத்துக்காக.

மறுநாள் காலையில் சுவர் வழக்கம்போலக் கேட்டது. நான் என் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சே-ஜுன் தட்டிலிருந்து தன்னுடையதை எடுத்தான். நாவடக்கியை மறுபடி ஒட்டியிருக்கவில்லை. ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் அவனுக்கு ஒன்றுதான். சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

கதவு முழுதாகச் சேரவில்லை. இடுக்கு வழியாகப் பார்த்தேன். அடுப்புப் பக்கம் திரும்பி நின்று, இடது கையால் மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு, கசப்பே தெரியாத அந்தத் துண்டை மென்றுகொண்டிருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து விரல்களில் இறங்கியது.

"துண்டு ஆச்சா?" என்று மறுபடி கேட்டது சுவர்.

மூக்கிலிருந்து கையை எடுக்காமலேயே அவன் சொன்னான், "ஆச்சு."

பச்சை விளக்கு எரிந்தது.