பதினெட்டு டோக்கன்

கடைசி வரிசைப் பைகளில் மட்டும் காளான் கோளாறாக முளைத்திருந்தது. மற்ற பைகளிலெல்லாம் சிப்பிக்காளான் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருக்க, சுரங்கத்தின் கோடியில், செங்கல் சுவரை ஒட்டித் தொங்கிய ஆறு பைகளில் தண்டுகள் ஒரு சாண் நீளத்துக்கு வெளுத்து வளர்ந்து, நுனியில் கடுகளவு தொப்பியோடு நின்றன. எல்லாம் சுவரை விட்டு விலகி இந்தப் பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"இங்க ஆராச்சும் வந்து படுத்துக்கறாங்களாண்ணா?" என்று கேட்டாள் சத்யபிரியா.

"ஆரும் வாரதில்லீங்க அம்மணி" என்றார் மயில்சாமி.

"மூச்சுக் காத்து தேங்குனாத்தான் தண்டு இப்படி இழுத்துக்கும்." கையிலிருந்த கரியமிலவாயு மீட்டரைச் சுவரோரம் பிடித்தாள். எண் ஏறியது. நாலடி பின்னால் வந்தாள். இறங்கியது. "சுவத்துக்கு அந்தப்பக்கமிருந்து வருதுங்க. நோம்பி லீவு மூணு நாள் கழியட்டும், கொத்தனாரக் கூட்டிவந்து இடிச்சுப் பாத்துரலாம். எடமிருந்தா இன்னும் இருநூறு பை தொங்கவுடலாமில்ல?"

மயில்சாமி தலையை ஆட்டினார்.

மல்லசமுத்திரத்துக்கும் ராசிபுரத்துக்கும் நடுவே, இருபத்திரண்டு வருடமாக வவ்வால் குடியிருந்த வெள்ளைக்கல் சுரங்கம் அது. கல் தீர்ந்தது, மூடினார்கள், மறந்தார்கள். வேளாண்மை படித்த சத்யபிரியா, சித்திரை வெயிலிலும் ஈரம் காயாத அந்த இருட்டைக் கண்டதும், காளானுக்கென்றே வெட்டி வைத்தது போலிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக் குத்தகைக்கு எடுத்தாள். பழைய மேஸ்திரி என்பதால் மயில்சாமியை மேற்பார்வைக்கு அழைத்துக்கொண்டாள். வாசலில் தொங்கிய டோக்கன் பலகையைக்கூட அவள் விடவில்லை. உள்ளே போகிறவர் பலகையிலிருந்து ஒரு பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு போக வேண்டும். வெளியே வந்ததும் மாட்டிவிட வேண்டும். பதினெட்டும் ஆணியில் தொங்கினால் உள்ளே ஒருவருமில்லை என்று அர்த்தம். சாயங்காலம் அதைப் பார்த்துவிட்டுத்தான் இரும்புக் கதவைப் பூட்டுவார்கள்.

அந்தப் பலகையை மயில்சாமி முடிந்தவரை நிமிர்ந்து பார்ப்பதில்லை. கல் வெட்டிய காலத்தில் ஒருநாள் அது பொய் சொல்லியிருக்கிறது. சொல்ல வைத்தவர் அவர்தான்.

அன்றைக்கு வேலை முடிந்து எல்லாரும் டோக்கனை மாட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்கள். தன் சோற்றுத் தூக்குப்போசியை, மிச்சச் சோற்றோடு, உள்ளே மறந்துவிட்டது மயில்சாமிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் பெயர் வெட்டிய போசி, சம்சாரம் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. கடைசியாக நின்ற அருணகிரியிடம், "ஒரு ஓட்டம் போயி எடுத்துட்டு வந்துரு. இதுக்கெதுக்கு டோக்கன்?" என்றார். அருணகிரி சிரித்துக்கொண்டே போனான். அவன் போய்ச் சேர்ந்திருப்பான், கூரை இறங்கியது. முதலாளி ஓடிவந்து பலகையைப் பார்த்தார். பதினெட்டும் இருந்தன. "உள்ள ஆருமில்லையே?" என்றார். "ஆருமில்லீங்க" என்று மயில்சாமியின் வாய் தானாகச் சொன்னது.

சொன்னதைத் திருப்பிச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. மூன்று நாள் உள்ளிருந்து டொக், டொக் என்று கேட்டது. கேட்டவர்களிடமெல்லாம் "இடிஞ்ச கல்லு அமருது" என்றார். நாலாம் நாள் சத்தமில்லை. ஐந்தாம் நாள் இடிந்த பக்கத்தை அடைத்துச் செங்கல் சுவர் எழும்பியது. அருணகிரி எவளையோ கூட்டிக்கொண்டு ஓடிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது.

ஓடிப்போனவனின் மனைவி பாப்பாயிதான் இப்போது சுரங்க வாசலில் உட்கார்ந்து பைகளுக்கு வைக்கோல் அடைக்கிறாள். இன்றைக்கும் நெற்றியில் குங்குமத்தோடு.

சுவரை இடித்தால் எலும்பு வரும். எலும்புக்குப் பக்கத்தில் போசி வரும். போசியில் பெயர் வரும். அதைப் பாப்பாயி வாசிப்பாள்.

மூன்று மணிக்குச் சத்யபிரியா காளான் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு செவ்வாய்ப்பேட்டைச் சந்தைக்குக் கிளம்பினாள். பாப்பாயி கை கழுவத் தொட்டிப் பக்கம் போனாள். மயில்சாமி உளியும் சுத்தியலும் டார்ச்சும் எடுத்துக்கொண்டார். பலகையில் கை வைத்தார். ஒரு டோக்கன் குறைந்திருந்தால் ஏன், எதற்கு என்று பாப்பாயி கேட்பாள். ஒரு ஓட்டம்தானே. கையை எடுத்துவிட்டு உள்ளே நடந்தார்.

வெளியே வெயில் பொசுக்கியது. இருபது அடி தாண்டியதும் மார்கழி. வரிசையாகத் தொங்கிய பல்புகளின் மங்கல் வெளிச்சத்தில் ஊறிய வைக்கோல் வாசமும் சுண்ணாம்பு நெடியும் மூக்கில் ஏற, எங்கோ சொட்டிய தண்ணீரைத் தன் காலடி என்றும், தன் காலடியை வேறு யாருடையதோ என்றும் மாற்றி மாற்றி எண்ணிக்கொண்டு போனார். முழங்கால் வலித்தது. கோடியில் அந்த ஆறு பைகள்.

காளான் தண்டுகள் மெல்லச் சாய்ந்தன. நிமிர்ந்தன.

அங்கே காற்றில்லை. முகத்தில் ஒரு சிறு அசைவுகூடப் படவில்லை. ஆனால் தண்டுகள் மொத்தமாக இந்தப் பக்கம் சாய்ந்து, கொஞ்சம் நின்று, மொத்தமாகச் சுவர்ப் பக்கம் போயின. மறுபடி சாய்ந்தன. தூங்குகிறவன் மூச்சு விடும் கதியில்.

முருகா, என்றார். போசியை எடுத்துவிட்டால் போதும். உளியை வைத்துத் தட்டினார். ஒரே அடியில் செங்கல் கழன்று உள்பக்கமாகப் போனது. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

ஓட்டையிலிருந்து வெதுவெதுப்பாக ஒரு காற்று முகத்தில் பட்டது. அதில் கம்மஞ்சோறும் மோரும் கடித்த சின்ன வெங்காயமும் மணத்தன. அன்றைக்கு அவர் சம்சாரம் கட்டிக்கொடுத்த சோறு. புளிக்கவே இல்லை.

டார்ச் கைநழுவி விழுந்து அணைந்தது.

அப்போது வாசல் பக்கமிருந்து பாப்பாயியின் குரல் சுரங்கத்துக்குள் உருண்டு வந்தது. போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"டோக்கனெல்லாம் மாட்டியிருக்குதுங்க அம்மணி. பதினெட்டும். மேஸ்திரியண்ணன் முன்னாலயே போயிட்டாராட்டங்க. உள்ள ஆருமில்லீங்க."

கத்த வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. சுத்தியலை எடுத்துப் பாறையில் அடித்தார். டொக். டொக். டொக்.

பாப்பாயியின் பேச்சு நின்றது. கேட்கிறாள். கேட்டுவிட்டாள். இன்னும் ஓங்கி அடித்தார். டொக்.

"ஏதோ சத்தமுங்க" என்றாள் அவள் போனில். "கல்லு அமருதாட்டம் இருக்குதுங்க. மேஸ்திரியண்ணன் அப்படித்தான் சொல்லுவாரு. செரிங்க, நோம்பி முடிஞ்சு வாரேனுங்க."

கதவு சாத்தப்பட்டது. பூட்டு விழுந்தது.

பல்புகள் அணைந்தன.

இருட்டு. சொட்டும் தண்ணீர். மூச்சு. அவருடையது ஒன்று.

இன்னொன்று.

காலடியில் போசியின் கைப்பிடி கிணுங்கென்று சாய்ந்தது. யாரோ கொண்டுவந்து பத்திரமாக வைத்தது போல. குனிந்து தடவினார். மூடி. விளிம்பு. வெட்டிய எழுத்துகள். ம. யி. விரல் அதற்கு மேல் நகரவில்லை.

போசி வெதுவெதுப்பாக இருந்தது. மறுபக்கம் அதைப் பிடித்திருந்த இன்னொரு கை இன்னும் விடவில்லை.