மஞ்சரிக்குத் தொட்டியும் இருபத்தெட்டாம் நம்பர் ட்ராமும்

"தண்டவாளத்து மேல காரை நிறுத்திட்டுப் போன மகராசன் யாருங்க?"

கேட்டது ட்ராம் ஓட்டுநர். கேட்ட இடம், லிஸ்பன் நகரத்தின் கிராசா குன்றில், இருபத்திரண்டே அறைகள் கொண்ட ஒரு சின்ன ஹோட்டலின் வாசல். ஏப்ரல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வாடகைக் கார் ஒன்று தன் பின்பாதியைத் தண்டவாளத்தின் மேல் நீட்டிக்கொண்டு ஹாயாக நின்றது. அதன் பின்னால் மஞ்சள் நிற இருபத்தெட்டாம் நம்பர் ட்ராம். அதன் மணியை அவன் மிதி மிதி என்று மிதித்ததில் தெருவே காதைப் பொத்திக்கொண்டது.

குடையைக்கூட எடுக்காமல் ஓடி வந்தாள் இரியா. ஹோட்டலின் வரவேற்பாளர்.

"எங்க ஹோட்டல் விருந்தினர் கார்தான். மேல குளிச்சிட்டிருக்கார். ரெண்டே நிமிஷம்..."

"நம்ம ஊர் ரெண்டு நிமிஷம் எவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியும் மேடம்."

"அதுக்காக? அந்த மனுஷனை சோப்போட இழுத்துட்டு வரவா டிரைவர் சார்?"

ட்ராமுக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கத்தான் அவ்வளவு விறைப்பாகக் கீழே இறங்கினான். பயணிகளில் மூன்று பேரைக் கூப்பிட்டான். நால்வரும் காரின் பின்புறத்தைப் பிடித்து, 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று தூக்கி ஓரமாக வைத்தார்கள். இந்த ஊரில் இது வாரம் ஒருமுறை நடப்பதுதான். ஆனால் நனைந்த தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு அவன் நிமிர்ந்து பார்த்தானே... அந்தப் பார்வை வாரம் ஒருமுறை நடப்பதில்லை.

கண்ணா அது? தேன் நிறத்தில், ஓரத்தில் குறும்போடு... 'ச்சே, இவனோடு இப்போதுதானே சண்டை போட்டோம்' என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள் இரியா.

அவன் பெயர் துவார்த்தே என்பது அடுத்த வாரம் தெரிந்தது. அதுவும் இன்னொரு சண்டையில்தான்.

"இது உங்க வேலைதானே?" என்று ஒரு காகிதத்தை அவள் மேஜை மேல் வைத்தான். 'எங்கள் ஹோட்டலுக்குப் பக்கத்தில் பார்க்க வேண்டிய ஐந்து இடங்கள்.' இரியா தன் கையால் எழுதி, ஓரத்தில் பூப்போட்டு, விருந்தினர்களுக்குக் கொடுக்கும் காகிதம்.

"ஆமா, என்னோடதுதான். எழுத்து அழகா இல்லையா?"

"எழுத்து அழகுதான். முதல் வரியைப் பாருங்க. 'காலை ஒன்பது மணிக்கு இருபத்தெட்டாம் நம்பர் ட்ராமில் ஏறுங்கள்.' ஊர்ல இருக்கிற கேமரா எல்லாம் ஒன்பது மணிக்கு என் வண்டியில இருக்கு. எர்மீனியா அம்மா எழுபத்தெட்டு வயசுல மீன் பையோட நின்னுக்கிட்டு வர்றாங்க. மலை ஏறுற வண்டிங்க அது, பொம்மை இல்ல."

"ஊர் பார்க்க வர்றவங்க ட்ராம்ல ஏறாம தோள் மேலயா ஏறுவாங்க?"

சொல்லிவிட்டாளே தவிர, அன்று முழுக்க எர்மீனியா அம்மாவின் மீன் பை மனசில் ஆடிக்கொண்டே இருந்தது. மாலையில் யாருக்கும் தெரியாமல் அந்த வரியை அடித்துவிட்டு, 'பத்து மணிக்கு மேல் ஏறுங்கள், கூட்டம் குறைவு' என்று எழுதினாள்.

இரண்டு நாள் கழித்து, ஹோட்டலைக் கடக்கும்போது ட்ராம் மெல்ல ஊர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "இன்னிக்கு எர்மீனியா அம்மாவுக்கு சீட் கிடைச்சுதுங்க!" என்று கத்திவிட்டுப் போனான் துவார்த்தே. அன்றிலிருந்து அந்த வளைவில் அவன் ட்ராம் இரண்டு தடவை மணியடிக்கும். எதிரில் ஈ காக்கா இல்லாவிட்டாலும் அடிக்கும். சரியாக அந்த நேரத்துக்கு வாசல் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது இரியாவுக்கு. லிஸ்பனிலேயே அத்தனை சுத்தமான கண்ணாடி வேறெங்கும் இருந்திருக்காது.

இப்படியே மே போனது. ஜூன் பதினொன்றாம் தேதி அவன் உள்ளே வந்து, தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே சொன்னான்: "நாளையோட இந்த லைன் முடிஞ்சுதுங்க. ஆத்தோரத்து லைனுக்கு மாத்திட்டாங்க. நாளைக்கு ரெண்டு மணி வரைக்கும்தான் இங்க."

போகாதே என்ற வார்த்தை வாய் வரை வந்தது. ஆனால் அவன் என்ன, அவளிடம் எதையாவது சொல்லியிருக்கிறானா? இரண்டு மணியடித்தால் காதலா? நாமாக ஏன் வழிய வேண்டும்?

"அப்பாடா... இனி எங்க தெரு நிம்மதியாத் தூங்கும்" என்றாள்.

அவன் முகம் சுருங்கியது. தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். இரியா துணி அலமாரி அறைக்குள் போய், மடித்து வைத்த தலையணை உறைகளில் முகம் புதைத்து அழுதாள். வாய்க்கொழுப்புக்கு வைத்தியம் உண்டா என்ன?

மறுநாள் ஜூன் பன்னிரண்டு. அந்தோனியார் திருநாளின் முந்தின நாள். தெருவெல்லாம் காகிதத் தோரணம், சந்தெல்லாம் மத்தி மீன் சுடும் புகை. இந்த நாளில் ஊரில் எங்கு திரும்பினாலும் 'மஞ்சரிக்கு' என்ற வாசனைச் செடியின் தொட்டிகள்தான். துளசியைவிடச் சின்ன இலை, பந்து போல உருண்ட செடி. நடுவில் ஒரு காகிதப் பூ, ஒரு குட்டிக் கொடி, கொடியில் நாலு வரிப் பாட்டு. பிடித்த பெண்ணுக்கு ஒரு தொட்டி கொடுத்துவிட்டால், வாயைத் திறந்து சொல்ல வேண்டிய கஷ்டம் லிஸ்பன் பையன்களுக்கு இல்லை.

ஹோட்டல் முதலாளி செலெஸ்தெ அம்மாவும் விருந்தினர்களுக்குக் கொடுக்க ஒரு டஜன் தொட்டி வாங்கி, வரவேற்பு மேஜை மேல் வரிசையாக அடுக்கியிருந்தார். காலை உணவு அறையிலிருந்து திரும்பிய இரியா, வரிசையின் முன் ஓரத்தில் இருந்த ஒரு தொட்டியை எடுத்துப் பதினான்காம் அறை டென்மார்க் தம்பதிக்குக் கொடுத்தாள். கூடவே ஐந்து இடங்கள் காகிதமும். மனசு எங்கேயோ இருந்தது. கொடுத்த தொட்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பதினோரு மணிக்கு இருபத்தெட்டாம் நம்பர் வளைவில் திரும்பியது. துணியும் கையுமாக வாசலில் நின்றாள். மணி... அடிக்கவில்லை. துவார்த்தே நேராகப் பார்த்துக்கொண்டு போனான். கல்லில் செய்த முகம்.

"ஏம்மா இரியா, அந்த ட்ராம் பையன் வெச்ச தொட்டி எங்க?" மாடிப்படியிலிருந்து கேட்டார் செலெஸ்தெ அம்மா.

"எந்தத் தொட்டி?"

"எட்டு மணிக்கு வந்தான்டி. காது ரெண்டும் செவசெவன்னு இருந்துச்சு. வண்டிய வெளிய நிறுத்திட்டு வந்ததால நிக்க நேரமில்ல. மேஜை மேல வெச்சுட்டு, 'இரியாவுக்குங்க' அப்படின்னான். முன்னால, ஓரத்துல வெச்சானே... கையால எழுதின கொடி."

முன்னால்... ஓரத்தில்... பதினான்காம் அறை!

"ஐயையோ அம்மா! அதை நான் டென்மார்க்காரங்களுக்குக் குடுத்துட்டேனே!"

"அடிப்பாவி! அப்புறம் ஏன் நிக்கிற? ஓடு! மேஜையை நான் பார்த்துக்கறேன்."

ஓடினாள். எங்கே போயிருப்பார்கள்? அவள் காகிதம் சொன்ன இடங்களுக்குத்தானே. முதல் இடம், பழைய தேவாலயம். சரிவில் உருண்டு விழாத குறையாக இறங்கினாள். அங்கே நூறு தொப்பிகள் இருந்தன, அவர்கள் இல்லை. இரண்டாவது இடம், கோட்டை. 'தேவாலயத்திலிருந்து ஐந்து நிமிட நடை' என்று அவளே எழுதியது. ஏறினாள், ஏறினாள்... படி முடியவே இல்லை. மூச்சு வாங்க சுவரைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தால் பதினேழு நிமிடம் ஆகியிருந்தது. 'எந்தப் பாவி எழுதினாள் ஐந்து நிமிடம் என்று?' பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருப்பவள், வரைபடத்தில் விரலை வைத்து அளந்திருக்கிறாள். குன்றை வரைபடமா காட்டும்?

கோட்டையை மூலை மூலையாகத் தேடியும் இல்லை. மணி ஒன்றேகால். அந்த டென்மார்க் அம்மாவுக்கு முழங்கால் வலி என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முழங்கால் வலிக்காரர் கோட்டைக்கு எப்படி ஏறுவார்? பாதி வழியில் பெஞ்ச் போட்ட ஒரே இடம் சூரிய வாசல் மேடை. அங்கே ட்ராமும் நிற்கும், கீழே சிவப்பு ஓட்டுக் கூரைகளும் அதற்கப்பால் ஆறும் தெரியும்.

இருந்தார்கள்! பெஞ்சில் அந்த அம்மா. பக்கத்தில் தொட்டியைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோன அவர் கணவர்.

"மூக்கை வைக்காதீங்க! வாடிடும்!" என்று அலறினாள் இரியா. "உள்ளங்கையால தட்டி, கையை மோந்து பார்க்கணும்..."

"அட, நம்ம ஹோட்டல் பொண்ணு!" என்றார் அந்த அம்மா சந்தோஷமாக. "நல்ல நேரத்துல வந்தே. இந்தக் கொடியில என்னம்மா எழுதியிருக்கு? படிச்சுச் சொல்லேன்."

கொடியை வாங்கினாள். நீல மை. கோணல் கையெழுத்து. சத்தமாகத்தான் படிக்க ஆரம்பித்தாள்...

"நூறு வளைவு திரும்பினேன்,
நூலு கூடத் தப்பல;
உன் வாசல் வளைவு வந்தா மட்டும்
என் காலு சொன்னது கேக்கல."

கடைசி வரியில் குரல் உடைந்துவிட்டது. மணியை மிதிக்கும் கால் அது. இரண்டு தடவை, தினமும், அவளுக்காக.

"ஏம்மா அழறே? சோகப் பாட்டா?"

"இல்ல... இது எனக்கு எழுதினது. தெரியாம உங்களுக்குக் குடுத்துட்டேன்."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதான்!" என்றார் அவர். "காலையில நாங்க வந்த ட்ராம்ல டிரைவர் இதையே பார்த்தார். எங்க வாங்கினீங்கன்னு கேட்டார். ஹோட்டல் பொண்ணு சும்மாவே குடுத்துச்சுன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவர் பேசவே இல்ல."

சும்மாவே குடுத்துச்சு! தன் மனசை அவள் வழியில் போகிறவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள் என்றல்லவா நினைத்திருப்பான்? அதுவும் நேற்று 'அப்பாடா' என்று வேறு சொன்ன பிறகு? இரண்டு மணிக்குப் பிறகு இந்தத் தெருப்பக்கம் அவன் எதற்காகத் திரும்பிப் பார்க்கப் போகிறான்?

"ட்ராம் வருது பாரு" என்று அவள் கையில் தொட்டியைத் திணித்தார் அந்த அம்மா.

மஞ்சள் வண்டி நின்றது. கூட்டத்தோடு கூட்டமாக ஏறி, பைகளுக்கும் முழங்கைகளுக்கும் நடுவே, தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள். தலை கலைந்து, முகம் சிவந்து, திருவிழாவில் தொலைந்தவள் மாதிரி இருந்தாள். துவார்த்தே பார்த்தான். தொட்டியைப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"டிரைவர்கிட்ட பேசக் கூடாதுங்க. போர்டு போட்டிருக்கு."

"பேசத்தான் வந்தேன். இது உங்களதுன்னு எனக்குத் தெரியாது. ஹோட்டல் தொட்டின்னு நினைச்சுக் குடுத்துட்டேன். இப்பத்தான் படிச்சேன். தேவாலயம், கோட்டைன்னு ஊர் முழுக்க ஓடி, இதைப் பிடிச்சிருக்கேன்..."

அவன் கை நெம்புகோலிலேயே நின்றது. "நிஜமாவா? தெரியாமத்தான் குடுத்தீங்களா?"

"சத்தியமா!"

"காலையில இருந்து..." அவன் நீளமாக மூச்சு விட்டான். தோள்கள் இரண்டும் இறங்கின. "செத்தே போயிட்டேங்க. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே, இப்படியா காட்டணும்னு..."

"நேத்து நான் சொன்னதும் பொய். நிம்மதியாவது ஒண்ணாவது! தலையணை உறை நாலு நனைஞ்சுது."

"தம்பி!" பின் சீட்டிலிருந்து ஒரு குரல். எர்மீனியா அம்மா, மடியில் மீன் பை. "அந்தப் பொண்ணு பதில் சொல்லுதா இல்லையான்னு கேட்டுட்டு சீக்கிரம் வண்டிய எடு. மத்தி வெயில்ல கெடுது!"

வண்டியே சிரித்தது. துவார்த்தே காது சிவக்க, ஆனால் கண்ணை எடுக்காமல் கேட்டான்: "பதில்...?"

"நாளைக்கு ஆத்தோரத்து லைன்ல, முதல் வண்டியில ஏறுறேன். போதுமா?"

"போதாதுங்க."

இரியா கூட்டத்தைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். பிறகு அந்தத் தேன் நிறக் கண்களை நேராகப் பார்த்தாள்.

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு துவார்த்தே. மழையில காரைத் தூக்கினீங்களே, அன்னிக்கே பிடிச்சிருக்கு. இப்ப போதுமா?"

"போதும்" என்றான் அவன். மணியை இரண்டு தடவை மிதித்துவிட்டு வண்டியை எடுத்தான்.