திருகில் ஒரு ரோஸ் பொட்டு

"தொடாதீங்க!"

இவ்வளவு சத்தமாகப் பேசிவிடுவோம் என்று ஹஃப்ஸாவே நினைக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவன் லேப்டாப்பை நோக்கி நீட்டிய கையை அப்படியே நிறுத்தினான்.

"தொடாம எப்படிங்க ரிப்பேர் பண்றது?"

"இல்ல... உள்ள எடுத்துட்டுப் போகாதீங்க. இங்கயே... என் முன்னாடியே கழட்டுங்க."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே சித்திரை வீதியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அரை மணி நேரத்துக்கு முன்பு, ஸ்ரீரங்கத்தில் கைடு மேடத்தின் வீட்டில் இதைத் திறந்தாள். எட்டாவது நிமிடம் திரை கறுத்தது. சுழன்றுகொண்டிருந்த புரத மூலக்கூறின் முப்பரிமாண வடிவம் பாதியில் அணைந்துபோனது. திங்கட்கிழமை வைவா, வாய்மொழித் தேர்வு. அதை ஓட்டிக் காட்டாவிட்டால் இரண்டு வருட எம்.எஸ்சி. உழைப்பு வீண். வேறு லேப்டாப்பும் கிடையாது. ஒன்பது வருடத்துக்கு முன்பு அத்தா சவுதியிலிருந்து கொண்டுவந்தது இது ஒன்றுதான்.

பாலக்கரை போக பஸ்ஸுக்கு ஓடியவள் மழைக்கு ஒதுங்கிய இடத்தில் 'ஹாலித் லேப்டாப் சர்வீஸ்' என்று ஒரு பலகை. புதுக் கடை. தெரியாத ஆள். சந்தேகப்பட இது போதாதா?

"என்ன பிரச்சனைங்க?" ஹாலித் கேட்டான்.

"சூடாகி ஆஃப் ஆயிடுது."

அவன் லேப்டாப்பைத் திருப்பினான். அடியில் பத்துத் திருகுகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு ரோஸ் பொட்டு... பாதி திருகில், பாதி மூடியில். யாராவது திருகை அசைத்தால் பொட்டு இரண்டாகப் பிளக்கும். ரிப்பேர் கடைக்காரர்கள் நல்ல பாகத்தை எடுத்துக்கொண்டு மட்டமானதை வைத்துவிடுவார்கள் என்பது ஹஃப்ஸாவின் கருதுகோள். அதற்கு அவள் கண்டுபிடித்த காவல் இது.

அவன் கை நின்றது. நிமிர்ந்து பார்த்தான். மழை வெளிச்சம் ஏறிய பழுப்புக் கண்கள்...

"நெயில் பாலிஷா?"

"ம்."

"நகத்துல காணோமே?"

"தொழணும்ல... அதுக்கு முன்னாடி கை கால் கழுவி ஒளு செய்யும்போது, பாலிஷ் இருந்தா நகத்துல தண்ணி படாது. அதான் இதுக்கு வச்சிருக்கேன்."

இவனிடம் எதற்கு இதையெல்லாம் சொல்கிறோம்? உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நீங்களே வச்சதா?"

"நான்தான். ஏன்?"

"ஒன்னுமில்ல..."

ஒன்றுமில்லை என்கிறவர்களைத்தான் அவள் முதலில் சந்தேகிப்பாள். நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஹாலித் முதலில் அவளையே புரத மாடலை ஓட்டச் சொல்லிச் சூட்டை அளந்தான். ஃபேன் ஒழுங்காகச் சுற்றியது. மற்றதெல்லாம் சாதாரணச் சூடுதான். கிராபிக்ஸ் சிப் மட்டும் எழுபது, எண்பத்தைந்து, தொண்ணூற்றெட்டு டிகிரி என்று ஏறியது. திரை கறுத்தது.

"எழுதும்போது, படிக்கும்போது ஆஃப் ஆகாதே?"

"ஆகாது. அந்த மாடலை ஓட்டுனா மட்டும்தான். இன்னைக்குத்தான் முதல் தடவ இதுல ஓட்டுனேன்."

"அப்போ ஃபேன் மேல தப்பில்ல. சூடு சிப்புலேர்ந்து வெளிய வர்ற வழியிலதான் ஏதோ அடைப்பு."

சரியாகத்தான் யோசிக்கிறான். அதனால் மட்டும் நம்பிவிட முடியுமா?

திருகுகளைக் கழற்றினான். சிப்பின் மேலிருந்த செம்புக் குழாயைத் தூக்கினான். அவன் முகம் மாறியது. இடுக்கியால் எதையோ மெல்லப் பிடுங்கினான். ஒரு நொடி பார்த்தான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஹஃப்ஸா பார்த்துவிட்டாள்... வேலை முடியட்டும் என்று காத்திருந்தாள்.

அவன் சிப்பைத் துடைத்துப் புது பேடை ஒட்டினான். சூட்டைக் கடத்தும் மெத்தென்ற சின்னப் பட்டை. எல்லாவற்றையும் மூடி ஓட விட்டான். புரதம் சுழன்றது. பத்து நிமிடம். இருபது நிமிடம். எழுபத்தொன்றைத் தாண்டவில்லை.

"சரியாயிடுச்சுங்க."

"பையில என்ன?"

"எது?"

"பாத்தேன். உள்ளேர்ந்து என்னமோ எடுத்தீங்க. வெளிய வைங்க."

அவன் காது மடல் சிவந்தது. "திருடன்னு சொல்றீங்களா?"

"நான் சொல்லல... நீங்கதான் மறைக்கிறீங்க."

அவன் இடுக்கியைக் கீழே வைத்தான். பிறகு பையிலிருந்து எடுத்து அவள் முன் வைத்தான். விரல் நகமளவு நீலப் பிளாஸ்டிக் தாள்.

"பேடு மேல ஒட்டியிருக்கிற தாளுங்க. உரிச்சுட்டுத்தான் மாட்டணும். இல்லன்னா சூடு உள்ளயே நிக்கும்."

"எந்த அறிவாளி உரிக்காம வச்சான்?"

"நான்தான்."

அவள் நிமிர்ந்தாள்.

"எட்டு மாசத்துக்கு முன்னாடி சிங்காரத்தோப்புல ஒரு கடையில வேலை பாத்தேன். ஃபேன் சத்தம் போடுதுன்னு உங்க அண்ணன் இதைக் கொண்டுவந்தாரு. ஃபேனைக் கழட்டுனப்போ பழைய பேடையும் மாத்துனேன்."

ஜமீல் அண்ணன்தான் கொண்டுபோனார். உண்மைதான்.

"அதுக்காக இதையா மறக்குறது?"

"மறக்குற ஆள் இல்லீங்க நான். அன்னைக்கு உங்க அண்ணன் போனை ஸ்பீக்கர்ல போட்டு மேசை மேல வச்சிருந்தாரு. அதுல ஒரு பொண்ணு... 'அண்ணே, யாரையும் நம்பாதீங்க. அவங்க கையையே பாத்துக்கிட்டு நில்லுங்க. ரோஸ் பொட்டு வச்சிருக்கேன், மாத்துனா எனக்குத் தெரிஞ்சிடும்'னு..." அவன் சிரிப்பை அடக்கினான். "கை வேலை பாத்துச்சு. காது போன்கிட்ட போயிடுச்சு. உரிக்காமலே மூடிட்டேன்."

ஹஃப்ஸாவுக்கு முகம் சுட்டது. வார்த்தைக்கு வார்த்தை அவள் பேசியதுதான். வேறு யாருக்கும் தெரிய வழியில்லை.

"அப்போ தப்பு என் மேலயா?"

"பாதி... உங்க குரல் மேல."

"முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"கடை தொறந்து இருபது நாள்தான் ஆகுது. நான்தான் கெடுத்தேன்னு சொன்னா நீங்க மறுபடி வரவே மாட்டீங்களேன்னு..." குரல் தாழ்ந்தது. "எட்டு மாசமா, வர்ற லேப்டாப்பையெல்லாம் முதல்ல திருப்பித்தாங்க பாப்பேன், ரோஸ் பொட்டு இருக்கான்னு. இன்னைக்கு வந்துச்சு. வந்ததும் 'தொடாதீங்க'ன்னுச்சு."

அவள் சிரித்துவிட்டாள். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

இதை நம்பலாமா? வேறு யாரோ உரிக்காமல் விட்டது என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. 'நான்தான்' என்று ஒப்புக்கொண்டதால் அவனுக்கு நஷ்டம் மட்டும்தான். பொய் சொல்கிறவன் இப்படிச் செய்வானா?

மழை தூறலாகியிருந்தது. லேப்டாப்பை அணைத்துத் திருப்பினாள். பொட்டுகள் எல்லாம் பிளந்திருந்தன. கைப்பையிலிருந்து நகப்பூச்சுக் குப்பியை எடுத்துத் திறக்கப் போனவள் நிறுத்தினாள். குப்பியை மெல்ல அவன் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்களே வைங்க."

"நானா? அப்புறம் நானே கழட்டிட்டு நானே வச்சா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது..."

அவன் அவளைப் பார்த்தான். இந்த முறை அவள் தலை குனியவில்லை.

ஒவ்வொரு பொட்டாக வைத்தான். பத்தாவது பொட்டு கொஞ்சம் கோணலாக விழுந்தது.

"மறுபடியும் சூடானா..."

"வருவேன்."

"ஆகலைன்னா?"

ஹஃப்ஸா லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல்வரை போனாள். திரும்பாமலே சொன்னாள்.

"வைவா முடிஞ்சதும் உங்ககிட்ட பேச அண்ணனைக் கூட்டிட்டு வரேன்... அன்னைக்கும் உங்க கையையே பாத்துக்கிட்டு நிப்பேன்."