வெளிக்குழாயைத் திறந்தாச்சா?

அமெரிக்காவில், மினசோட்டாவின் அந்த ஏரிக்கரை முகாமில் அக்டோபர் வந்தால் ட்ரெய்லர் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் எல்லோரும் வெர்லின் ஆஸ்ட்பியைக் கடந்துதான் போக வேண்டும். குழாயில் தண்ணீர் தங்கினால் பனியில் உறைந்து வெடிக்கும். இந்த ஒரு உண்மையை வைத்துக்கொண்டே அவர் பதினோரு வருடம் பேராசிரியராக உலவினார். நெஞ்சில் 'புரொபசர்' என்று பெயர்ப்பட்டைகூட உண்டு. யார் வேலையை முடித்துக் கையைத் துடைத்தாலும் ஒரே கேள்வி:

"எல்லாம் சரி, வெளிக்குழாயத் திறந்தியா?"

ட்ரெய்லரின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவுக்குள் ஒளிந்திருக்கும் குளியல் குழாய் அது. எல்லோரும் மறப்பார்கள். கூட்டம் சிரிக்கும்.

போன வருடம் மறந்தவர் ஓரின் ட்வைட். எழுபத்தெட்டு வயது. சிரிப்பு அடங்குமுன் தலையைக் குனிந்துகொண்டு போனவர், இருட்டில் தனியாகத் திரும்பி வந்திருக்கிறார். காலையில் நனைந்த கம்பளிக் கோட்டோடு, குழாயைப் பிடித்தபடி விறைத்துக் கிடந்தார். இறுதிச் சடங்கில் வெர்லின் நாற்பது நிமிடம் பேசினார். பிறகு ஓரினின் ட்ரெய்லரைத் தானே வாங்கிக்கொண்டார்.

இன்று அதைத்தான் பனிக்குத் தயார் செய்ய வந்திருந்தார். பொழுது சாய்ந்தால் எல்லாம் உறைந்துவிடும். ஒரு குழாய் வெடித்தாலும் போதும், முகாமே சிரிக்கும்.

வெந்நீர் ஹீட்டரின் அடித்திருகைக் கழற்றினார். தொட்டி கடைசிச் சொட்டுவரை வடிந்தது. திருகைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஹீட்டருக்குப் போகும் வழியை அடைத்துவிட்டு, உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தைப் பம்பால் குழாய்களில் ஏற்றினார். சமையல் குழாயில் இளஞ்சிவப்பு வந்தது. கழிப்பறையிலும் வந்தது.

குளியலறையில் மட்டும் தெளிந்த தண்ணீர்.

அவர் மனைவி மார்லிஸ் கையை நீட்டியவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "வெர்லின், இது சுடுது!"

"காத்து அடைச்சிருக்கும். பதறாத."

"காத்து சுடுமா, புரொபசர்?"

கண்ணாடியில் ஆவி படிந்தது. நனைந்த கம்பளியின் வாடை எழுந்தது. வெர்லின் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். திருகு அங்கேதான் இருந்தது.

வெளிச்சுவரை யாரோ தட்டினார்கள். மூன்று முறை.

பிறகு குழாய்க்குள்ளிருந்து, தண்ணீரோடு தண்ணீராக ஒரு கிழக்குரல்.

"வெளிக்குழாயத் திறந்தியா?"

வெர்லின் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்: சமையலறை, கழிப்பறை, குளியலறை.

பதினோரு வருடத்தில் முதல் முறையாக அவரே மறந்திருந்தார்.

"போகாத," மார்லிஸ் கிசுகிசுத்தாள். "வெடிச்சா வெடிக்கட்டும்."

"வெடிச்சா அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க வர்றது?"

வெளியே ஏரி சாம்பல் நிறமாகியிருந்தது. சின்னக் கதவு ஏற்கெனவே திறந்து கிடந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளே வலக்கையை விட்டார். குழாயின் பிடி தட்டுப்பட்டது.

அவர் கைமேல் இன்னொரு கை படிந்தது.

அது இழுக்கவில்லை, நெரிக்கவில்லை. தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல், பொறுமையாகப் பிடியைத் திருப்பியது.

இளஞ்சிவப்பு பீறிட்டது.

உள்ளே வந்தபோது குளியலறையிலும் இளஞ்சிவப்பு வந்துகொண்டிருந்தது. மார்லிஸ் வெளுத்துப்போயிருந்தாள்.

"வெளிய யார்கூடப் பேசிட்டிருந்த?"

வெளியே அவர் வாயே திறந்திருக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு குழாயும் வெடிக்கவில்லை. ஆனால் வெர்லின் இப்போது யாருக்கும் பாடம் எடுப்பதில்லை. ஜூலையில் முகாமின் சவுனா என்னும் நீராவிக் குளியல் அறையில் மற்றவர்கள் துண்டுகூட இல்லாமல் வியர்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் வலக்கையில் தடித்த கையுறையோடு உட்கார்ந்திருந்தார்.

"என்னய்யா, கல்யாணத்துக்கா கிளம்பிட்ட?" என்று பக்கத்து ட்ரெய்லர்காரர் அதை விளையாட்டாக உருவினார்.

புறங்கையில் வெள்ளை வெளேரென்று உறைபனி. நான்கு விரல் தடங்கள்.

யாரோ சூடான கற்கள்மேல் தண்ணீரை ஊற்றினார்கள். அறை முழுக்க ஆவி கொதித்தது.

பனி உருகவில்லை.