பேச்சுப்பெட்டிக்குப் புழுக்கம்

தம்பிக்குப் பேச வராது. ஆனால் சரியான வாயாடி.

அவனுக்குப் பதிலாக ஒரு சின்னப் பெட்டி பேசும். அதன் முன்பக்கம் முழுக்கப் படங்கள். எதை அழுத்துகிறானோ அந்தச் சொல் கணீரென்று வெளியே வரும். அதைச் செய்தவள் கல்லூரியில் மின்னணுவியல் படிக்கும் அக்கா.

அன்று பள்ளி விட்டு வந்ததும் தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். இருவருக்கும் நடுவில் பிறந்த மிளகு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஆள் சின்னது, காரம் அதிகம் என்பதால் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர்.

"என்னடா ஆச்சு?"

"ஜோக். பாதி. நின்னுபோச்சு," என்றது பெட்டி.

வகுப்பில் அவன் ஜோக் சொல்லியிருக்கிறான். யானை பேருந்தில் ஏறியது வரைக்கும் பெட்டி பேசியது. அப்புறம் கப்சிப். நாளைக்கு மறுபடியும் சொல்லச் சொல்லியிருக்கிறார் டீச்சர்.

"ரொம்ப நேரம் பேசினா சூடாயிடுது," என்றாள் அக்கா. "சூடானா தானா நின்னுடும்."

"குட்டி ஃபேன் வை," என்றாள் மிளகு.

"அதுக்கு ஓட்டை போடணுமே! இவன் அது மேலே பாலைக் கொட்டுவான். உள்ளே போனா பெட்டி அம்பேல்."

"நான் இல்லை," என்று அழுத்தினான் தம்பி.

"நீயேதான்!"

அக்கா பெட்டியைத் திறந்தாள். உள்ளே சிப்பின் மேல் சீப்பு மாதிரி ஓர் அலுமினியத் துண்டு. மெல்லிய தகடுகள் வரிசையாக நின்றன.

"இது என்னக்கா?"

"ஹீட்சிங்க். சிப்போட சூட்டை இழுத்து, இந்தத் தகடு வழியா காத்துல விட்டுடும். கரண்ட் வேணாம். சத்தம் போடாது. சுத்துறதுக்கு ஒண்ணும் இல்லாததால தேயவும் தேயாது."

சும்மா நின்றுகொண்டே வேலை செய்யும் பொருள்! மிளகு ஆசையாகத் தொட்டாள். சுரீர்! கையை உதறிக்கொண்டு பெட்டியின் வெளிப்பக்கத்தைத் தடவினாள். அது லேசான வெதுவெதுப்புதான்.

"எந்தக் காத்துல விடும்?"

"பெட்டிக்குள்ள இருக்கிற காத்துல."

"அந்தச் சூடு அப்புறம் எங்கே போகும்?"

அக்கா கழற்றிய மூடியைக் கையில் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பெட்டிதான் இறுக்கி மூடியிருக்கே! பாவம், இழுத்த சூட்டையெல்லாம் உள்ளேயே வச்சுக்கிட்டு முழிக்குது. தகடையெல்லாம் வெளியே வையேன்."

"அட மக்கு!" அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"யாரு, நானா?"

"நான்டி!"

அக்கா பெட்டியின் முதுகில் சதுரமாக வெட்டி, வேறொரு பெரிய ஹீட்சிங்க்கைப் பொருத்தினாள். அதன் வழவழப்பான அடிப்பக்கம் உள்ளே சிப்பைத் தொட்டது. நடுவே சூடு கடத்தும் பசை. தகடுகள் வெளியே. தண்ணீர் நுழையாமல் சுற்றிலும் ரப்பர் வளையம்.

"தகடு நெட்டுக்குத்தா நிக்கணும்," என்றாள் அக்கா. "சூடான காத்து மேலே போகும். கீழேருந்து புதுக் காத்து வரும்."

"தம்பி தொட்டுட்டா கை சுடுமே?"

அக்கா அதன்மேல் ஒரு சின்னக் கம்பிவலையையும் மாட்டினாள்.

தம்பி சாப்பிட உட்கார்ந்ததிலிருந்து எழுந்திருக்கும் வரைக்கும் பேசினான். பெட்டி நிற்கவில்லை. மிளகு தகடுகளுக்கு மேலே உள்ளங்கையை நீட்டினாள். சத்தமே இல்லாமல், மூச்சு விடுவதுபோல, இளஞ்சூடு எழும்பிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கையை எடுக்கவே மனமில்லை.

மறுநாள் வகுப்பில் யானை பேருந்தில் ஏறியது. "ஜன்னல் சீட் இருக்கா?" என்று நடத்துநரிடம் கேட்டது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

சாயங்காலம் தம்பியைக் கூட்டிப்போக வந்த அம்மாவிடம் டீச்சர் குறைப்பட்டுக்கொண்டார்.

"பாடம் நடக்கும்போதும் பேசிக்கிட்டே இருக்கான். கொஞ்சம் கண்டிச்சு வைங்க."

பேசியதற்காகத் தம்பி திட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. முகமெல்லாம் பல்லாக வீடு வந்து சேர்ந்தான்.