கலையாத வாசனை

நேற்றுக் காலை நனைத்து வைத்த காகிதத் துண்டில் இன்று வாசனை கூடியிருந்தது.

அப்படி நடக்கவே நடக்காது. எந்த சென்ட்டும் காகிதத்தில் விட்ட நிமிடத்திலிருந்து கரையத்தான் செய்யும். எலுமிச்சை மாதிரித் துள்ளுகிறதெல்லாம் முதலில் பறக்கும், பின்னாலேயே பூக்கள் போகும், கடைசியில் மரமும் பிசினும் மட்டும் அடியில் தங்கும். இருபது வருஷமாக ஒரு சென்ட் கம்பெனியில் இதை முகர்ந்துதான் அவள் சம்பளம் வாங்குகிறாள். மேலாளர் காலையில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தாரா என்பதைக்கூட மோந்தே சொல்லிவிடுவாள் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். மூக்குக்காரி என்றால்தான் கம்பெனியில் அவளைத் தெரியும்.

அந்த மூக்குக்காரிக்கு இப்போது வேண்டியிருந்தது ஒரே ஒரு வாசனை. ஏழு வயதில் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த மகளின் உச்சந்தலை வாசனை. மிச்சமிருந்தது ஒரு தலையணை உறைதான். அதைக் காற்றுப் புகாத பையில் கட்டி வைத்து, நாளுக்கு ஒரு மூச்சுக்கு மேல் இழுப்பதில்லை என்று பிடிவாதமாக இருந்தாள். இருந்தும் என்ன, போன மாதம் ஒருநாள் பையைத் திறந்தபோது வெறும் துணி வாசனைதான் வந்தது. பிள்ளை இரண்டாம் தடவை செத்ததுபோல அன்றைக்கு அழுதாள்.

பிறகு வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து தானே கலக்க ஆரம்பித்தாள். வெயில் பட்ட முடி, ஆறிய பால், பென்சில் சீவல், விளையாடிவிட்டு வந்த வியர்வை. நூற்றுப் பன்னிரண்டாவது குப்பியில் பிள்ளை அப்படியே வந்துவிட்டாள். இந்த முறையும் பறந்து தொலைக்கக் கூடாது என்று, வாசனையைப் பிடித்து நிறுத்துகிற பிசினை எட்டு மடங்கு ஊற்றினாள். நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூடச் செய்யாத தப்பு அது. தெரிந்தேதான் செய்தாள். அதில் நனைத்த காகிதம்தான் இன்று கூடுதலாக மணந்தது.

கணவர் அறை வாசலோடு நின்றுவிட்டார். காற்றில் வந்ததை ஒருமுறை உள்ளே இழுத்ததும் அவர் முகம் கோணிப்போயிற்று.

"அவதான்," என்றார். "அதனாலதான் சொல்றேன். வேணாம்மா, கொட்டிடு."

"உங்களால முடிஞ்சா நீங்க மறந்துக்கோங்க."

அவர் திரும்பிப் போனார். அவள் கதவைச் சாத்தித் தாழிட்டு, மகள் தலை சாய்த்துத் தூங்கிய தன் இடது தோளில் குப்பியைக் கவிழ்த்தாள்.

மத்தியான வெயில் மேசையில் விழுந்துகொண்டிருந்தது. முடியும் பாலும் பென்சிலும் கலந்து எழுந்தபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. மடி கனத்தது. தோளில் இளஞ்சூடாக மூச்சு பட்டது. பயமாக இருந்தது, ஆனாலும் அசையவில்லை, அசைந்தால் எழுந்து போய்விடுவாளோ என்று.

அரை மணி கழித்து வாசனை புளித்தது.

காய்ச்சல் வியர்வை. பிறகு மருந்து. ஸ்பிரிட். மூக்கில் செருகிய பிளாஸ்டிக் குழாய். ஆஸ்பத்திரியின் ஒன்பது நாட்களும் ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை மாறாமல் வந்தன. இதில் எதையும் அவள் கலக்கவில்லை. முதல் வாசனை போயிற்று, நடு வாசனையும் போய்க்கொண்டிருந்தது. இனி அடியில் இருப்பதுதான் வரும்.

தோளில் மூச்சு நின்றது. சூடும் போனது.

புதைத்த பெட்டியின் ஈரப் பலகை. மண்.

தண்ணீர்க் குழாயும் சோப்பும் மூன்றடி தூரத்தில். கழுவிவிடலாம். கழுவினால் இதுவும் போய்விடும். பெற்ற வயிறு கேட்கவில்லை.

"ஒண்ணுமில்லடா குட்டி. அம்மா இருக்கேன்."

குனிந்து உச்சந்தலையில் முத்தமிட்டாள். உதட்டோடு முடி கழன்று வந்தது. வாயெல்லாம் மண். இரண்டு சின்னக் கைகள், சில்லென்று, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டன. இறுக்கின. இன்னும் இறுக்கின.